கூரை திறந்த காரும் பெங்களூர் வானமும்

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்தது பெங்களூர். சமவெளியின் வெயிலில் வெந்து இங்கு வந்து குடியேறிய நம்மவர்க்கு இந்நகரின் காலைக் காற்று ஒரு பெரும்பேறு. கப்பன் பூங்காவின் மரநிழலில் கூரை திறந்த கார் ஒன்று மெல்லச் செல்லக் கண்டால், அத்தகைய வண்டி நமக்கும் வாய்க்காதா என்னும் ஆசை எழுவது இயல்பே. புதிய வண்டிக்குப் பெரும்பொருள் வேண்டுமாதலின் பலர் பழைய வண்டியை நாடுகின்றனர். அவ்வாறு நாடும் இல்லங்களுக்குப் பயன்படுமென்று, நாம் கண்டும் பழகியும் அறிந்தவற்றை இங்கே கூறுவோம்.

இந்நகருக்கும் இவ்வகை வண்டிக்கும் உறவு உண்டு. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சான் மோட்டார்ஸ் நிறுவனம், 1990களின் இறுதியில் ‘சான் ஸ்டார்ம்’ என்னும் இருவர் அமரும் கூரை மடக்கும் காரை வெளியிட்டது. அதன் உடல் கண்ணாடி நாரால் ஆனது; எஞ்சின் பிரெஞ்சு நாட்டு ரெனோ நிறுவனத்தினுடையது. இன்று அது உற்பத்தியில் இல்லை. அதற்கும் முன்னர், 1961 முதல் சென்னையில் செய்யப்பெற்ற ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ காரின் கூரை தனியே போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டது. அதனால் அதைக் கழற்றித் திறந்த வண்டியாக்க முற்பட்டவரும் உளர்.

இங்கேதான் விழிப்பு வேண்டும். வண்டியின் அமைப்பை, அதைச் செய்த நிறுவனம் வகுத்த முறைக்கு மாறாக மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. ஆதலின் ஆர்.சி. புத்தகத்தில் உடலமைப்பு எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என்று முதலில் பார்த்தல் வேண்டும். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியிலேயே படித்து ஒப்பிடுதல் வேண்டும்.

தமிழகத்தில் வண்டி வாங்கி இங்கே கொணர்வோர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. பதிவு செய்த மாநிலத்தினின்று வேறு மாநிலத்திற்குக் கொண்டுவந்து பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வைத்திருந்தால், புதிய மாநிலத்தின் பதிவெண் பெறுதல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் 47-ஆம் பிரிவு. பழைய அலுவலகத்தில் என்.ஓ.சி. பெற்று, கர்நாடகத்தின் வரியையும் செலுத்த நேரிடும். வண்டியின் விலையோடு இதனையும் கூட்டிக் கணக்கிடாதவர், மலிவு என்று மகிழ்ந்து பின்னர் வருந்துவர்.

இனி, பேணும் முறை. இவ்வண்டிக்கு முதற்பகை மழைநீர். பெங்களூரில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு; சித்திரை வைகாசியில் மாலை இடிமழையும் உண்டு. கூரையின் ஓரத்தில் நீர் வடியும் சிறு துளைகள் இருக்கும். சாலையோர மரங்கள் உதிர்க்கும் பூவும் இலையும் கண்ணுக்கு இனியவையே; ஆயினும் அவையே இத்துளைகளை அடைத்துவிடும். நீர் உள்ளே இறங்கித் தரைவிரிப்பின் அடியில் தேங்கும், இரும்பு துருப்பிடிக்கும். கண்ணாடி நார் உடல் துருப்பிடிக்காது எனினும், அதனைத் தாங்கும் இரும்புப் பாகங்கள் துருவுக்குத் தப்பா. வாங்குமுன் விரிப்பை உயர்த்திப் பார்ப்பதும், துளையில் ஒரு குவளை நீர் வார்த்து அது கீழே வடிகிறதா என்று நோக்குவதும் நன்று.

நனைந்த துணிக்கூரையை மடக்கி வைத்தல் ஆகாது, பூஞ்சணம் பிடிக்கும். நன்றாக உலர்ந்த பின்னரே மடக்க வேண்டும். பின்புறத்துப் பிளாஸ்டிக் சன்னலை ஈரமான மெல்லிய துணியால் துடைத்து, மடக்கும்போது இடையில் ஒரு துணியை வைத்தால் கீறல் விழாது. இன்று நாம் வாங்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்துள்ளது. அது பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கக்கூடும். ஆதலின் அவற்றை மாற்றிவிடுதல் நலம். கிழமைக்கு ஒருமுறையேனும் ஓட்டாத வண்டியில் பாட்டரி இறங்கிவிடும்.

உதிரிப் பாகங்களுக்கு ஜே.சி. ரோடும், பழைய பாகங்களுக்குச் சிவாஜிநகர்க் குஜரிக் கடைகளும் பேர்போனவை. தேய்ந்த பாகத்தைக் கையோடு எடுத்துச் செல்வது நலம். பெயர் தெரியாவிடினும் கடைக்காரர் கண்டுகொள்வார். அவ்வீதிகளில் தமிழும் கன்னடமும் தக்கினியும் கலந்து ஒலிக்கும். அங்குள்ள மெக்கானிக் பெரியவர்களை அண்ணா என்று மரியாதையுடன் அழைத்து, அருகில் நின்று அவர் கைவேலையைக் கவனித்தால், எந்த நூலும் தாராத அறிவு கிட்டும்.

பிள்ளைகளின் கல்விக்கு ஒதுக்கிய பணத்தில் இத்தகைய வண்டி வாங்குதல் முறையன்று. இருவர் மட்டும் அமரும் வண்டி நால்வர் குடும்பத்தின் தேவைக்கும் ஆகாது. இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்து, பராமரிப்பிற்கென மாதந்தோறும் சிறிது ஒதுக்கும் வசதியும் உடையவர் தாராளமாக வாங்கலாம். அவர்கட்கு நாம் கூறுவது ஒன்றே: ஞாயிற்றுக்கிழமை விடியலில், ஆலையில் பல்லாண்டு உழைத்து ஓய்ந்த தந்தையாரையோ, அடுக்களையே உலகமாய் இருந்த தாயாரையோ பக்கத்தில் அமர்த்தி, அல்சூர் ஏரிக்கரை வழியே ஒருமுறை செல்லுங்கள். பிழைப்பைத் தேடி வந்த ஊரின் வானத்தை அவர்கள் அண்ணாந்து காணட்டும்.