தில்லைவனத்தைத் தேடி

ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சிதம்பரத்தில் கூடும் அடியார்கள், நடராஜப் பெருமானைத் தரிசித்து, தில்லைக் காளியம்மனையும் வணங்கி ஊர் திரும்புவர். தலத்திற்குப் பெயர் தந்த தில்லை மரத்தைக் கண்டவர் மிகச் சிலரே. வியாக்ரபாத முனிவர் புலிக்கால் பெற்று, வண்டு தீண்டாத மலர் பறித்துப் பூசித்ததாகத் தலபுராணம் போற்றும் தில்லைவனம் இன்று நகரில் இல்லை. தலவிருட்சத்தை அதன் இயல்பான சூழலில் காண, கிழக்கே சுமார் 15 கி.மீ. தொலைவிலுள்ள பிச்சாவரம் செல்ல வேண்டும்.

வெள்ளாற்றின் முகத்துவாரத்திற்கும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்திற்கும் இடையே, ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் விரிந்துள்ளது இந்த அலையாத்திக் காடு. படகு குறுகிய கால்வாய்களில் நுழையும்போது, சுரபுன்னையின் வேர்கள் இருபுறமும் வில்லென வளைந்து சேற்றில் ஊன்றி நிற்கும். இக்காட்டில்தான் தில்லையும் வளர்கிறது. கிளை ஒடிந்தால் வெண்பால் வடியும். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. எனவே தொடாமல் தரிசிப்பதே முறை.

மரம் நடப்பதில்லை, நீரே அதன் சந்ததியைச் சுமந்து செல்கிறது. சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய்போல் தொங்கும். பின்னர் விழுந்து, அலையோடு மிதந்து, வேறொரு கரையில் வேரூன்றும். தில்லையின் சிறு விதைகளும் மிதந்தே பரவுகின்றன. தில்லையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒற்றை மரத்தை நட்டு வேலியிட்டுப் போற்றினாலும், துணையின்றி அது விதை தந்து தழைக்காது. அதற்குக் காடு வேண்டும்.

அக்காடும் ஒருகாலத்தில் நலிவுற்றது. பகுதி பகுதியாக மரங்களை முற்றிலும் வெட்டியதால் மண் தாழ்ந்தது. ஏறிய கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மிகுந்தது. அந்நிலத்தில் மரங்கள் மீண்டும் தழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களுடன் இணைந்து, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டச் செய்தன. ஓதநீர் வந்து வடிந்தது, உப்பு தணிந்தது, நட்ட கன்றுகள் வேர்பிடித்தன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, காட்டின் மறைவிலிருந்த ஊர்களில் சேதம் குறைந்தது.

சிதம்பரம் செல்லும் குடும்பத்தினர், தரிசனம் முடிந்தபின் பேரப்பிள்ளைகளைப் பிச்சாவரத்திற்கும் அழைத்துச் செல்லலாம். நெகிழிப் பைகளை நீரில் எறியாமல் திரும்புவது, தலவிருட்சத்திற்கு அவர்கள் செய்யும் எளிய தொண்டாகும்.