செவ்வாயில் எங்கே இறங்குவது?

செவ்வாய்க்கு ஒரு ரோவரை அனுப்புவதில் எது கஷ்டம் என்று கேட்டால் பலரும் ராக்கெட் என்பார்கள். சிலர் பாராசூட் என்பார்கள். ஆனால் ராக்கெட் கிளம்புவதற்குப் பல வருடங்கள் முன்பே, படங்களை மேஜையில் பரப்பிவைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் வாதாடித் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எங்கே இறக்குவது?

செவ்வாயின் பரப்பளவு பூமியில் உள்ள மொத்த நிலப்பரப்புக்கு ஏறக்குறைய சமம். அதில் ஒரு ரோவர் தன் வாழ்நாள் முழுக்க உருண்டாலும் கடப்பது சில பத்து கிலோமீட்டர்தான். இறங்கிய பிறகு இடம் சரியில்லை என்று தெரிந்தால் தூக்கி வேறு இடத்தில் வைக்க முடியாது. க்யூரியாசிட்டி ரோவர் திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 250 கோடி டாலர். பலர் பத்து வருடம் உழைத்த உழைப்பு வேறு. எல்லாமே ஒரு இடத்தின் பெயரை நம்பி!

தேடுவது என்னவோ படிவுப் பாறைகளை. ஓடும் ஆறு கூழாங்கல்லைப் போட்டுவிட்டுப் போகும். அசையாத ஏரியில் நுண்ணிய சேறு மெதுவாகப் படியும். தண்ணீர் வற்றினால் உப்பு மிஞ்சும். இவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து இறுகிப் பாறையாகும்போது, அடியில் இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது என்று 1669லேயே நிக்கோலஸ் ஸ்டெனோ எழுதிவைத்துவிட்டார். ஆக அடுக்குப் பாறை என்பது அந்த இடத்தின் நாட்குறிப்பு. அடியிலிருந்து மேலே ஏறினால் பக்கம் பக்கமாகப் படிக்கலாம்.

இங்கேதான் ஒரு சிக்கல். காற்று கொண்டுவந்து கொட்டும் தூசியும் அடுக்கடுக்காகத்தான் படியும். எரிமலைச் சாம்பலும் அப்படியே. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் ஏரிச் சேறு எது, சாம்பல் எது என்று அடித்துச் சொல்வது கடினம்.

இதற்கு நல்ல உதாரணம் குசெவ். சுமார் 160 கி.மீ. அகலமுள்ள பெரிய விண்கல் பள்ளம். அதற்குள் மாதிம் என்ற நீண்ட பள்ளத்தாக்கு ஒன்று ஆறு போலவே வந்து சேர்கிறது. ஆறு பள்ளத்தில் விழுந்தால் அங்கே ஏரி இருந்திருக்க வேண்டும், ஏரி இருந்தால் வண்டல் இருக்க வேண்டும். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? அதை நம்பி 2004 ஜனவரியில் ஸ்பிரிட் ரோவரை அங்கே இறக்கினார்கள். சுற்றிலும் கிடந்ததோ பசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு உறைந்த கல்! ஏரி இருந்திருந்தாலும், பின்னால் வந்த எரிமலைக் குழம்பு அதன் மேல் மூடி போட்டுவிட்டிருந்தது. ஸ்பிரிட் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் உருண்டு கொலம்பியா குன்றுகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தண்ணீர் பட்ட பாறைகள் கிடைத்தன. அந்த ரோவருக்குத் திட்டமிட்ட ஆயுளே 90 செவ்வாய் நாட்கள்தான். அது கூடுதலாக உழைத்ததால் மானம் தப்பியது.

மூன்று வாரம் கழித்து இறங்கிய ஆப்பர்ச்சூனிட்டியின் கதை வேறு. மெரிடியானி சமவெளியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நிலத்தின் வடிவம் அல்ல, ஒரு கனிமம். தண்ணீர் இருக்கும் இடங்களில் அடிக்கடி உருவாகும் ஹெமடைட் அங்கே இருப்பதை, செவ்வாயைச் சுற்றிவந்த மார்ஸ் குளோபல் சர்வேயர் கண்டுபிடித்திருந்தது. ஆப்பர்ச்சூனிட்டி சுமார் 22 மீட்டர் அகலமுள்ள சின்னக் குழி ஒன்றுக்குள் உருண்டு போய் நின்றது. கண்ணெதிரே குழியின் சுவரில் அடுக்குப் பாறை. அதில் மிளகு அளவு உருண்டைகளாக ஹெமடைட்!

இந்த இரண்டு அனுபவங்களையும் மனதில் வைத்துக்கொண்டுதான் 2006ல் அடுத்த ரோவருக்கு இடம் தேட ஆரம்பித்தார்கள். அதுதான் க்யூரியாசிட்டி. ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் முன்மொழியப்பட்டன. ஐந்து வருடத்தில் ஐந்து பெரிய கூட்டங்கள். பொறியாளர்கள் தங்கள் பட்டியலோடு வந்தார்கள். பாராசூட் வேலை செய்யப் போதுமான காற்று வேண்டும், எனவே இடம் தாழ்வாக இருக்க வேண்டும். கடும் குளிர் ஆகாது, எனவே நடுக்கோட்டிலிருந்து 30 பாகைக்குள் இருக்க வேண்டும். பெரிய பாறையும் செங்குத்துச் சரிவும் கூடாது. அதே 2006ல் செவ்வாயை அடைந்த மார்ஸ் ரெகனசன்ஸ் ஆர்பிட்டர், ஒரு மீட்டர் அளவுள்ள பாறையைக்கூடக் காட்டும் படங்களை அனுப்பியதால் இதையெல்லாம் முன்கூட்டியே அளந்து பார்க்க முடிந்தது.

2008ல் நான்கு பெயர்கள் மிஞ்சின. எபர்ஸ்வால்டே, ஹோல்டன், மௌர்த், கேல். எபர்ஸ்வால்டேயில் ஆறு ஏரியில் கலந்த டெல்டாவின் வடிவம் படத்திலேயே அச்சடித்தது போலத் தெரியும். ஹோல்டனில் பழைய ஏரிப் படுகை. மௌர்த்தில் மிகப் பழைய களிமண் கனிமங்கள், அதுவும் இறங்கும் இடத்திலேயே. கேலில் என்ன இருந்தது? 154 கி.மீ. அகலமுள்ள பள்ளம், நடுவில் சுமார் ஐந்தரை கிலோமீட்டர் உயரத்துக்கு அடுக்கடுக்காக எழுந்த மலை. ஷார்ப் மலை என்று பெயர். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் ஆழமே சுமார் 1.6 கி.மீ.தான்.

கேலுக்கு எதிரான வாதங்கள் சாதாரணமானவை அல்ல. அந்த மலை எப்படி உருவானது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஏரியா, காற்றா, சாம்பலா? அதற்கும் மேல், மலை இறங்கும் பகுதிக்கு வெளியே இருந்தது. தேர்வின்போது கணக்கிட்ட இறங்கும் பகுதி சுமார் 25 கி.மீ. நீளமும் 20 கி.மீ. அகலமும் உள்ள நீள்வட்டம். அதற்குள் எங்கே இறங்கினாலும் மலைக்குப் பல கிலோமீட்டர் பயணம். வழியிலேயே வண்டி படுத்துவிட்டால்? டெல்டா கண்ணுக்குத் தெரியும்போது தெரியாத மலையை ஏன் நம்ப வேண்டும்?

நான்கு இடங்களுமே பாதுகாப்பானவை என்று பொறியாளர்கள் சொல்லிவிட்டதால் முடிவு அறிவியலின் தலையில் விழுந்தது. 2011 ஜூலை 22 அன்று நாசா கேலின் பெயரை அறிவித்தது. கேலுக்குச் சாதகமாக இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, மலையின் அடிவாரத்தில் களிமண் கனிமங்கள், அதற்கு மேலே சல்பேட் உப்புகள் என்ற வரிசை விண்ணிலிருந்தே தெரிந்தது. ஈரமாக இருந்த கிரகம் எப்படிக் காய்ந்தது என்பது ஒரே மலையில் எழுதப்பட்டிருக்கலாம். இது குசெவ் போல வடிவத்தை மட்டும் வைத்துச் செய்த ஊகமல்ல, கனிமமும் சாட்சி சொன்னது. இரண்டு, மலைக்குப் போகவே முடியாவிட்டாலும் இறங்கும் பகுதிக்குள்ளேயே, பள்ளத்தின் சுவரிலிருந்து பழைய நீரோட்டம் கொண்டுவந்து பரப்பிய வண்டல் விசிறி ஒன்று இருந்தது. ஒரு ஊகம் பொய்த்தால் இன்னொன்று கை கொடுக்கும்.

2012 ஆகஸ்டில் க்யூரியாசிட்டி இறங்கியது. அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். மலையை நோக்கிப் போக வேண்டிய ரோவரை முதலில் வேறு திசையில், அரை கிலோமீட்டர்கூட இல்லாத யெல்லோநைஃப் பே என்ற தாழ்வான இடத்துக்கு அனுப்பினார்கள். 2013 பிப்ரவரியில் அங்கே ஒரு சேற்றுக்கல்லில் துளை போட்டார்கள். அதிக உப்போ அமிலமோ இல்லாத, நுண்ணுயிர்கள் வாழத் தகுந்த நீர் ஒரு காலத்தில் அங்கே இருந்தது என்று அடுத்த மாதமே அறிவித்தார்கள். ரோவர் எதற்காக அனுப்பப்பட்டதோ அந்தக் கேள்விக்கு, மலையைத் தொடுவதற்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது.

மலையும் ஏமாற்றவில்லை. 2014 செப்டம்பரில் அடிவாரத்தை அடைந்தபோது அங்கேயும் ஏரிச் சேறு இறுகிய கற்கள் அடுக்கடுக்காக இருந்தன. 2022ல் சல்பேட் பகுதிக்குள் நுழைந்தது. 2025லும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதே 2025 மார்ச்சில், செவ்வாயில் அதுவரை கண்டறிந்தவற்றில் மிகப் பெரிய கரிம மூலக்கூறுகள் கிடைத்ததாக அறிவித்தார்கள். 10, 11, 12 கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலிகள். எந்தக் கல்லில் தெரியுமா? 2013ல் யெல்லோநைஃப் பேயில் துளைத்த இன்னொரு கல்லின் தூளில்!

2021ல் பெர்சவரன்ஸ் இறங்கிய ஜெஸரோவிலும் இதே பாடம்தான். ஒரு காலத்தில் ஏரி இருந்த பள்ளத்தின் தரையில் முதலில் கிடைத்தவை எரிமலைக் குழம்பில் பிறந்த பாறைகள். குசெவ் மறுபடியும் வந்துவிட்டதோ என்று தோன்றும். ஆனால் இந்த முறை டெல்டா சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரத்திலேயே இருந்தது. 2022ல் ரோவர் அங்கே போய் ஏரிப் படிவுகளைத் தோண்டியது.

படத்தைப் பார்த்துச் சொல்லும் எந்த ஊகமும் தரையில் இறங்கியதும் பொய்த்துப் போகலாம். அதைத் தடுக்க வழியில்லை. தன் ஊகம் தப்பாகிப் போனால் அந்த இடத்தில் இன்னும் என்ன மிச்சமிருக்கும் என்று இறங்குவதற்கு முன்பே கேட்டு வைக்கலாம். கேலைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதைக் கேட்டிருந்தார்கள். அதனால்தான் மலைக்குப் போகும் வழியே அவர்களுக்கு முதல் பதிலைக் கொடுத்தது.