ஹென்ஸ்!

லீவ் லெட்டர் எழுதிய எல்லோருக்கும் ‘ஹென்ஸ்’ தெரியும். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஹென்ஸ்...’ என்று நீங்களும் எழுதியிருப்பீர்கள். ‘ஆஸ்’ போட்டாலே காரணம் சொல்லியாயிற்று. ‘ஹென்ஸ்’ அங்கே உபரி. இருந்தாலும் போடுவோம், ஒரு கம்பீரம்!

நான் பி.காம். வணிகக் கடிதம் என்றால் தேர்ஃபோர், கான்சிக்வென்ட்லி எல்லாம் தூவ வேண்டும் என்று நம்பியவன். முன்னது, யோசித்து வந்து சேரும் முடிவு. பின்னது, நடந்ததன் விளைவு. இந்த வித்தியாசமெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்?

காஞ்சிபுரம் ஓரிக்கையில் தெரிந்த நெசவாளர் ஒருவர், கடன் தவணைக்கு அவகாசம் கேட்டு மனு எழுதச் சொன்னார். ‘இங்கிலீஷ்லயே எழுதுங்க சார், அப்பதான் மதிப்பாங்க.’

எழுதினேன். கனமழை, ஹென்ஸ் வருமானம் இல்லை. கான்சிக்வென்ட்லி தவணை கட்ட இயலவில்லை. தேர்ஃபோர் அவகாசம் தருக.

பதில் ஒரே வரி. காரணம் போதாது, ‘ஹென்ஸ்’ மனு நிராகரிக்கப்படுகிறது.

‘நாம போட்ட அதே வார்த்தைதானே சார்? அவங்க போட்டா மட்டும் செல்லுதே!’ என்றார்.

அவர் ஊர்ப் பெயரிலேயே ஒரு காரண காரியக் கதை இருக்கிறது. பல்லவ மன்னனைப் பாட கணிகண்ணன் மறுத்தார். அதனால் அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னான் மன்னன். சீடர் போனதால் குரு திருமழிசையாழ்வார் கிளம்பினார். ஆழ்வார் சொன்னதால் திருவெஃகா பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் ‘ஓரிரவிருக்கை’, அதுவே ஓரிக்கை ஆனது என்பார்கள். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் கதை நிற்காது.

என் மனுவில் விட்டுப்போயிருந்தது. ‘ஹென்ஸ்’ என்ற சொல்லுக்கே ஆதிப் பொருள் ‘இங்கிருந்து’. மழையிலிருந்து வருமானத்துக்கு எப்படிப் போவது? நான் அவரைக் கேட்கவே இல்லை.

இப்போது கேட்டேன். ‘நம்மது குழித்தறி சார். குழியில தண்ணி ஊறிடுச்சு, காலை வெச்சு மிதிக்க முடியல. பாவும் நனைஞ்சுபோச்சு. பதினெட்டு நாள் தறி ஓடல. சேலை முடிஞ்சாத்தானே கூலி?’

அவர் சொன்னதை அப்படியே தமிழில், தேதி போட்டு எழுதினேன். கடைசியில் ஒரே ஒரு ‘அதனால்’.

மூன்று மாத அவகாசம் கிடைத்தது. கடிதத்தைக் காட்டிக் கேட்டார்: ‘ஹென்ஸ் இல்லாமலே குடுத்துட்டாங்களே சார்?’