பிழையின் அளவைச் சொல்பவர்கள்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில், பள்ளிக்கரணையில், அளவிடும் கலைக்கென்றே அமைந்தது போல இரண்டு மத்திய அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. 1993இல் தொடங்கிய தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ஒன்று; 1998இல் தொடங்கிய, இப்போது தேசியக் காற்றுசக்தி நிறுவனம் என்று பெயர் மாறியிருக்கும் மையம் மற்றொன்று. அங்கே போகிறவர்களின் கண் மிதவைகளிலும் காற்றாலைகளிலும் நிற்கும். என் கவனம் உணரிகளைச் சோதிக்கும் பொறியாளர்களின் வேலையில்தான் நிற்கிறது. கருவி எவ்வளவு தவறக்கூடும் என்று தெரியும்வரை அது கருவியே ஆகாது. அதைக் கண்டு சொல்பவர் அந்தக் கருவியைச் செய்தவர்களில் ஒருவர் என்பதே என் வாதம்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தியா அமைத்த சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இயங்கத் தொடங்கியது. அதற்கான ஆழ்கடல் மிதவைகளில் பள்ளிக்கரணைக்குப் பெரும் பங்கு உண்டு. நடுக்கடலில் சுனாமியின் உயரம் சில சென்டிமீட்டர்தான் இருக்கலாம். 4,000 மீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ 400 வளிமண்டல அழுத்தத்தின் கீழ் கிடக்கும் உணரி ஒரு சென்டிமீட்டர் மாற்றத்தைப் பிடிப்பதென்றால், அது நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. வெப்பநிலை மாறினாலும் ரீடிங் நகரும். மாதக்கணக்கில் அழுத்தத்தில் கிடந்தாலும் மெல்ல விலகும். ஆகவே அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ரீடிங் எடுத்து, அதே படிகளில் இறக்கி மறுபடியும் எடுக்க வேண்டும். சுனாமி நிமிடக்கணக்கில் வருவது. மெதுவான விலகலைக் கணக்கில் கழித்துவிடலாம். ஆனால் எது எந்த வேகத்தில் நகரும் என்று முன்பே தெரிந்தால்தான் கழிக்க முடியும்.

சோதனைத் தொட்டி கடல் ஆகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கடலில் கொட்டலசு ஒட்டும், வலை சிக்கும், கப்பல் மோதும். இவற்றில் எதுவும் தொட்டியில் நடக்காது. ஆனால் கடலில் எல்லாம் ஒன்றாக நடப்பதால், கருவி கெட்டால் எதனால் கெட்டது என்று பிரித்தறிய முடியாது. தொட்டி ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியாக நிறுத்திக் கேள்வி கேட்கிறது. கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஒலியியல் தொட்டி 16 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 7 மீட்டர் ஆழம் கொண்டது. நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். சுவரில் பட்ட எதிரொலி வந்து கலக்கும் முன் கிடைக்கும் சில மில்லிவிநாடிகளுக்குள் நேரடி ஒலியை அளந்தாக வேண்டும். அதிர்வெண் குறையக் குறைய ஓர் அலை முடியவே அதிக நேரம் பிடிக்கும். ஒரு கட்டத்துக்குக் கீழே அந்தத் தொட்டியின் அளவு போதாது. அந்த எல்லையை மறைக்காமல் அறிக்கையில் எழுதுவதுதான் இத்தொழிலின் நேர்மை.

சான்றிதழோடு வெளிநாட்டு உணரி கிடைக்கும்போது இங்கே எதற்குச் சோதனை என்பது அடுத்த வாதம். சான்றிதழ் அது தரப்பட்ட நாளைப் பற்றித்தான் பேசும். ஓராண்டு வெயிலிலும் உப்புக்காற்றிலும் சுழன்று தேய்ந்த காற்றுவேகமானியின் பேரிங்கைப் பற்றிப் பேசாது. காற்றின் ஆற்றல் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப வளர்வதால், காற்றுவேகமானியில் 1 சதவீதப் பிழை இருந்தால் ஆற்றல் கணக்கில் ஏறத்தாழ 3 சதவீதம் பிசகும். அந்தக் கணக்கை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைக்குக் கடன் வாங்குகிறார்கள். களத்திலிருந்து திரும்பும் கருவியை மறுபடி சோதித்தால்தான் அது இதுவரை சொன்னவற்றில் எவ்வளவை ஏற்கலாம் என்று தெரியும். சோதனை நாளைத் தின்கிறது என்ற குறையும் உண்மையே. அதற்குத் தீர்வு, வரைபடம் போடும் நாளிலேயே சோதிப்பவரையும் உட்கார வைப்பது. எந்த கனெக்டரைக் கழற்றி மறுபடி அளக்க முடியும், எந்த ஓ-ரிங் அழுத்தத்தில் பிதுங்கும் என்பதை அவர் அப்போதே சொல்லிவிடுவார். நாம் சொந்தமாக உணரிகள் செய்ய ஆசைப்பட்டால், முதலில் இந்த வேலைக்கு உரிய இடத்தையும் சம்பளத்தையும் தர வேண்டும்.