யாருக்கு மறதி?

நுகேகொடையில் என் எடிட்டிங் அறை களனிவெளி ரயில் பாதைக்குக் கிட்ட இருக்கிறது. ரயில் போகும்போது மேசையிலுள்ள தேத்தண்ணிக் கோப்பை நடுங்கும். அந்த நேரம் ஒலியை நம்பி வெட்ட முடியாது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காத்திருப்பேன். அங்கேதான் போன வருடம் நினைவு தப்பிய ஒருவரைப் பற்றிய மர்மக் குறும்படமொன்றைத் தொகுத்தேன். சட்டைப் பையில் ஒரு கடித உறை. அதிலுள்ள முகவரியைத் தேடிப் போகிறார். அங்கே ஒரு பூட்டிய வீடு.

முதல் தொகுப்பில், அவர் உறையைத் தொடும்போதெல்லாம் திரை வெளுத்து, பழைய காட்சியொன்று மின்னி மறையும்படி செய்திருந்தேன். வெள்ளவத்தையிலிருந்து வந்த அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே கேட்டார்: "அந்தாளுக்கு ஒண்டும் ஞாபகமில்லையெண்டா, எனக்கேன் எல்லாத்தையும் காட்டிக்கொண்டிருக்கிறாய்?"

அன்றிரவு, நினைவு தப்பிய இன்னொருவரின் கதையான 'கஜினி'யைத் திரும்பப் பார்த்தேன். ஏ.ஆர். முருகதாஸின் 2005ஆம் ஆண்டுப் படம், தொகுப்பு அன்டனி. கிறிஸ்டோபர் நோலனின் 'மெமென்டோ'விலிருந்து (2000) வந்தது என்று சொல்லி அதைக் கடந்துவிடுகிறோம். உடம்பில் பச்சை குத்திய குறிப்புகளும் போலராய்ட் படங்களும் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் தொகுப்பு மேசையில் இரண்டும் நேரெதிர். 'மெமென்டோ'வில் வண்ணக் காட்சிகள் பின்னோக்கி நகர்கின்றன. முன்பு என்ன நடந்தது என்று நாயகனுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. ஒரு காட்சி முடியும் இடத்தில், ஏற்கெனவே பார்த்த காட்சியின் தொடக்கம் சில நொடி திரும்ப வரும். அந்தச் சின்னக் கொளுவலைப் பிடித்துக்கொண்டுதான் நாம் தொங்குகிறோம். தொகுப்பாளர் டோடி டோர்ன் அந்த நொடிகளை எவ்வளவு அளந்து வைத்திருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.

'கஜினி' நம்மிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. நாயகன் சஞ்சய் ராமசாமியின் டயரி வழியாகக் காதல் முழுவதும் வரிசையாக வருகிறது. தன்னோடு திரிகிறவன் தொழிலதிபர் சஞ்சய்தான் என்று காதலி கல்பனாவுக்குக் கடைசிவரை தெரியாது. அவளோடு வாழ்ந்த நாட்கள் சஞ்சய்க்கு நினைவில் நிற்பதில்லை. இரண்டு பேரின் பங்கையும் சேர்த்துச் சுமப்பவர்கள் பார்வையாளர்கள். தியேட்டரில் அழுகை வந்தது அந்தப் பாரத்தால். இரண்டாம் பாதி அடிதடியில் மறதி பின்தங்கிவிடுவது எனக்குக் குறைதான். ஆனாலும் அந்த வரிசை துணிச்சலானது.

என் படம் இரண்டுக்கும் நடுவே நின்று தடுமாறியது. அப்போது ஹென்றி மொலேசன் நினைவுக்கு வந்தார். 1953இல் வலிப்புக்காக மூளையில் செய்த அறுவைக்குப் பிறகு, புதிதாக எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரமொன்றின் கோட்டைத் தொடர்ந்து வரையச் சொன்னார். ஒவ்வொரு நாளும் மொலேசனுக்கு அது முதல் நாள். கை மட்டும் நாளுக்கு நாள் திருந்திக்கொண்டே வந்தது.

கை! ஒதுக்கிவைத்த துண்டுகளையெல்லாம் திரும்ப ஓடவிட்டேன். ஒரு டேக்கில், இயக்குநர் 'கட்' சொன்ன பிறகும் கமரா ஓடியிருக்கிறது. வீட்டுக்குள் இருட்டு. நடிகர் களைப்போடு திரும்பி, பார்க்காமலே அலுமாரிக்குப் பின்னால் கைவிட்டு லைட்டைப் போடுகிறார். அந்த வீட்டில் நான்கு நாள் படப்பிடிப்பு. சுவிட்ச் இருக்கும் இடம் அவர் கைக்குப் பழகிவிட்டது.

வெள்ளை மின்னல்கள் எல்லாவற்றையும் தூக்கினேன். பூட்டை உடைத்து அவர் உள்ளே வந்ததும் அந்த இரண்டு நொடித் துண்டை வைத்தேன். இசை இல்லை; சுவிட்சின் 'டக்' மட்டும்.

அக்கா மறுபடி வந்தபோது ஒன்றும் சொல்லாமல் போட்டேன். அந்த 'டக்' கேட்டதும் கதிரையில் நிமிர்ந்தார்.

"உவருக்கு இந்த வீடு தெரியும்," என்றார் மெல்ல.