அம்மா கத்திய இடம்

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 74 வயது. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்துக்கு நாங்கள் குடிவந்த வாரமே ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தவர். போன ஆண்டு இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டோடு கிடந்தபோது, மாலை நேரங்களில் சூப்போ ரசமோ எடுத்துக்கொண்டு போவேன். எப்போது போனாலும் அவர் டிவியில் ஒன்றுதான் ஓடும். கறுப்பு வெள்ளையில் பழைய ஒளிப்பதிவு. சாய்வான வட்டப் பாதையில், காலில் ஸ்கேட்ஸ் மாட்டிய பெண்கள் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள்.

"ரோலர் டெர்பி. சின்ன வயசுல என் ஞாயித்துக்கிழமையே இதுதான்" என்றார்.

எனக்கு அது புதிது. அவர்தான் சொல்லிக்கொடுத்தார். 1935இல் சிகாகோவில் லியோ செல்ட்ஸர் என்பவர் தொடங்கிய ஆட்டம். முதலில் நெடுந்தூர ஓட்டமாகத்தான் இருந்தது. கூட்டம் மோதலைத்தான் ரசிக்கிறது என்று தெரிந்ததும் மோதலே ஆட்டமாயிற்று. அணிக்கு ஐந்து பேர். முந்தி ஓடும் ஜேம்மர் சுற்றிவந்து எதிரணியில் எத்தனை பேரைத் தாண்டுகிறாரோ அத்தனை புள்ளி. ஒரு பகுதி பெண்கள் ஆடுவார்கள், அடுத்த பகுதி ஆண்கள். அதே பாதை, அதே விதி. கடைசியில் இரண்டு பேர் புள்ளியையும் கூட்டித்தான் வெற்றி தோல்வி.

இந்த இடத்தில் நான் ரசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். பெண்களின் புள்ளி ஆண்களின் புள்ளிக்குச் சமம். 1960களில், வெளிப்படையாக, தொலைக்காட்சியில்.

அவர் பார்த்தது சான் பிரான்சிஸ்கோ பே பாம்பர்ஸ் அணியை. ஓக்லாந்தின் கேடிவியூ சேனல் 2இல் ஒளிபரப்பாகும். அந்தப் பதிவுகள் நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களுக்குப் போயின. அணியின் நட்சத்திரம் ஜோனி வெஸ்டன். கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் அடிக்கு மேல் உயரம், அகன்ற தோள், ஹெல்மெட்டுக்குக் கீழே இரட்டைப் பின்னல்.

"நானும் நெட்டை. 'தோளைக் குறுக்கி நட'ன்னு வீட்டுல சொல்லிட்டே இருப்பாங்க. டிவியில பார்த்தா, அந்தத் தோளால இடிச்சு ஆளைத் தள்ளுறா ஒருத்தி. ஊரே கை தட்டுது."

அவர் பள்ளியில் பெண்களுக்கென்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு விளையாட்டு அணி கிடையாது. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த டைட்டில் நைன் சட்டம் வந்தது 1972இல். அதற்குள் அவர் படிப்பை முடித்துவிட்டார். உடம்பை முழுதாகப் பயன்படுத்தும் பெண்ணை அவர் பார்த்த ஒரே இடம் அந்த டிவி பெட்டிதான்.

வெஸ்டனுக்கு எதிரி ஆன் கால்வெல்லோ. தலைமுடிக்கு விதவிதமாய்ச் சாயம் பூசிக்கொள்வார். பலமுறை உடைந்த மூக்கு. அதை வைத்தே அவருக்கு 'வாழைப்பழ மூக்கு' என்று பட்டப்பெயர். கூட்டம் அவரைத் திட்டுவதற்கென்றே காசு கொடுத்து வரும்.

"கெசார் பெவிலியனுக்கு அம்மா என்னைக் கூட்டிட்டுப் போவாங்க. வீட்டுல அவங்க குரலே கேக்காது. அப்பா பேசுவார், இவங்க தட்டு எடுப்பாங்க. ஆனா கால்வெல்லோ வந்து நின்னா போதும், நாற்காலி மேல ஏறி நின்னு கத்துவாங்க. அவங்களுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்குன்னு எனக்கு அங்கதான் தெரியும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அம்மாவோட சேர்ந்து நானும் திட்டுவேன். ஆனா மனசுக்குள்ள எனக்குக் கால்வெல்லோவைத்தான் பிடிக்கும்" என்றார்.

அவர் மகன் வந்தால் சிரிப்பான். "எல்லாம் முன்னாடியே பேசி வெச்ச ஆட்டம்மா. நாடகம்." அவர் மறுப்பதில்லை. நாடகமும் அதில் கலந்திருந்தது உண்மைதான். ஆனால் கால்வெல்லோவின் மூக்கு நிஜமாகத்தான் உடைந்தது. அவர் அம்மாவின் கத்தலும் நிஜம்தான். பெண்கள் கூடி ரசித்த ஒன்றை 'சும்மா நாடகம்' என்று ஒதுக்க எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்!

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் எழுதிவிட முடியாது. நல்லவளுக்குப் பொன்னிற முடி, கெட்டவளுக்குச் சாயம் பூசிய முடி. இந்தக் கணக்கு நமக்குத் தெரியாததா? 1950களின் இறுதியில் முதல் கறுப்பினப் பெண்ணாகக் களமிறங்கிய டார்லின் ஆண்டர்சனை, பழைய ரசிகர்கள் வெஸ்டனை நினைவுகூரும் அளவுக்கு நினைவுகூர்வதில்லை. ஆட்டமும் முதலாளி குடும்பத்தின் கையில்தான் இருந்தது. செல்ட்ஸரின் மகன் ஜெர்ரி 1973இல் கடையை மூடியபோது, வீராங்கனைகள் வேறு பிழைப்பும் வேறு அணியும் தேட வேண்டியிருந்தது. வெஸ்டன் 1997இலும் கால்வெல்லோ 2006இலும் இறந்தார்கள்.

இதையெல்லாம் நான் வெறும் ரசிகர் கதையாகக் கேட்டுவிட்டுப் போயிருப்பேன். என் 13 வயது மகள் ஒருநாள் என்னோடு வந்து அதைப் பார்த்துவிட்டாள். மறுவாரம் ஒரு தாளை நீட்டினாள். சிறுமிகளுக்கான டெர்பி பயிற்சியில் சேர பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். 2000களின் தொடக்கத்தில் டெக்சாஸின் ஆஸ்டினில் பெண்கள் இந்த ஆட்டத்தை மறுபடி உயிர்ப்பித்தார்கள். இப்போது சாய்வுப் பாதை இல்லை, பெரும்பாலும் சமதளம். பெரும்பாலான அணிகளை ஆடுகிற பெண்களே நடத்துகிறார்கள்.

எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் என் வாயில் வந்தது இதுதான்: "மூஞ்சில தழும்பு விழுந்தா என்னடி பண்ணுவ?"

எட்டாம் வகுப்பில் கபடி அணியிலிருந்து என்னை நிறுத்தியபோது என் அம்மா கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். முழங்காலில் சிராய்ப்போடு வீட்டுக்குப் போன நாள் அது. என் அம்மாவுக்குக் கத்த ஒரு கெசார் பெவிலியன் கூட இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. அவர் குரல் எவ்வளவு பெரியது என்று எனக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விட்டது.

மூன்று நாள் கழித்துக் கையெழுத்துப் போட்டேன். தைரியமாக என்று சொல்ல மாட்டேன். முதல் ஆட்டத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மாவும் கைத்தடியோடு வந்தார். மகள் மல்லாக்க விழுந்தாள். நான் பதறி எழுந்தேன். அவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"ஓடாதே. நின்ன இடத்துலயே கத்து."

கத்தினேன். முதலில் குரல் வெளியே வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது.