பூச்சியப் பாகைக் கோடு

தமிழில் நமக்குப் பனி என்று ஒரே சொல்தான் இருக்கிறது. புல் நுனியில் நிற்கும் துளியும் பனி. மார்கழியில் தொண்டையைக் கட்ட வைப்பதும் பனி. மலைப்பாதையில் எதிரே வரும் லொறியை மறைப்பதும் பனி. ஐரோப்பாவில் கூரை மேல் முழங்கால் உயரத்துக்குக் குவிவதும் பனி. முன்னால் ஓர் அடைமொழியைப் போட்டுச் சமாளித்துக் கொள்கிறோம். கதைக்கும் கவிதைக்கும் இது போதும். வானிலை அறிவித்தலுக்குப் போதாது.

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவித்தலில் ஒரு செய்தி வரும். நுவரெலியா மாவட்டத்தின் சில இடங்களில் அதிகாலை வேளையில் துகள் உறைபனி உருவாகலாம் என்பார்கள். அது வாய்மாறிப் போகும்போது 'நுவரெலியாவில் பனிப்பொழிவு' ஆகிவிடும். கொழும்பிலிருந்து வான் பிடித்துக் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு விடுவார்கள். உண்மையில் அங்கே வானத்திலிருந்து எதுவும் பொழிவதில்லை. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த புல்லின் மேல் வெள்ளையாகப் படிகிறது, அவ்வளவுதான். ஆனால் பொழிவதற்கும் படிவதற்கும் இடையிலுள்ள இந்த வித்தியாசத்தில் ஓர் ஏழை விவசாயியின் உருளைக்கிழங்குப் பாத்தியே தங்கியிருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது முகத்துவாரத்தில். களனி கங்கை கடலோடு சேரும் இடம் என்பதால் வந்த பெயர். படிப்பிப்பது நுவரெலியா மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றில். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்த பின் கிடைத்த நியமனம், அப்படியே நிலைத்துவிட்டது. களனியின் வாயில் பிறந்தவன், அதன் கிளையாறுகள் பிறக்கும் மாவட்டத்தில் சோறு தின்கிறேன். முகத்துவாரத்து மீனவர்களிடம் வானிலை என்று கேட்டால் காற்றின் திசையைச் சொல்வார்கள். கச்சான் எழும்பிவிட்டதா, வாடை திரும்பிவிட்டதா என்பதுதான் அவர்களுடைய கணக்கு. மலைக்கு வந்த பிறகுதான் வானிலைக்கு உயரம் என்று இன்னொரு கணக்கு இருப்பது எனக்கு விளங்கியது.

கணக்கு எளிதானது. சராசரியாக 1,000 மீற்றர் ஏறினால் 6.5 பாகை செல்சியஸ் குறையும். கொழும்பில் 28 பாகை என்றால், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 16 பாகை. நாட்டின் ஆக உயர்ந்த பீதுருதாலகால உச்சி 2,524 மீற்றர். அங்கே 11 அல்லது 12 பாகை இருக்கும். அப்படியானால் பூச்சியம் பாகை எங்கே? நம்மைப் போன்ற வெப்பவலய நாடுகளில் அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 5 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. பீதுருதாலகாலவைப் போல இன்னொரு மலையை அதன் தலையில் தூக்கி வைத்தால்தான் அந்தக் கோட்டைத் தொடலாம். முகத்துவாரத்தில் வியர்வை வடிய நிற்பவனுக்கு நேர் மேலேயும் அந்தக் கோடு இருக்கத்தான் செய்கிறது. ஏப்ரல் மாதத்து இடிமுகில்கள் அதைத் தாண்டி வளர்கின்றன. அவற்றின் மேற்பாகத்தில் இருப்பது பனிக்கட்டி. அதில் சில வேளை உருகாமல் வந்து விழுவதுதான் ஆலங்கட்டி.

ஒருமுறை இந்தக் கணக்கை வகுப்பில் சொல்லி முடித்தபோது, பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சேர், ரேடியோவுல ஆகக் குறைஞ்ச வெப்பநிலை 4 பாகைன்னு சொன்னாங்க. 4 பாகையில தண்ணி உறையாதுதானே? அப்ப எங்க அப்பாவோட கிழங்குச் செடி ஏன் கருகிப் போச்சு?"

அந்த வாரம் அவர்களுடைய பாத்தி முழுவதும் கறுத்துப் போயிருந்தது. கடன் வாங்கி விதைகிழங்கு போட்டவர்கள். புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து மட்டும் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. பாடசாலையில் இருந்த இரண்டு வெப்பமானிகளை எடுத்தோம். ஒன்றை நெஞ்சளவு உயரத்தில் நிழற்பெட்டிக்குள் தொங்கவிட்டோம். மற்றதைப் புல்லின் மேலே கிடத்தினோம். முகில் இல்லாத, காற்று அசையாத ஓர் இரவு கழிந்து, சுபஹ் தொழுதுவிட்டுப் போய்ப் பார்த்தேன். பெட்டிக்குள் 4 பாகை. புல்லில் பூச்சியத்துக்குக் கீழே ஒரு பாகை.

வானிலை நிலையங்கள் வெப்பத்தை அளப்பது நிலத்திலிருந்து ஒன்றேகால் மீற்றர் அளவு உயரத்தில். நிலமோ இரவு முழுவதும் தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் கொண்டிருக்கிறது. முகில் இருந்தால் போர்வை போலத் தடுத்து, கொஞ்சத்தைத் திருப்பித் தரும். முகில் இல்லாத இரவில் போனது போனதுதான். காற்று வீசினால் மேலேயுள்ள சூடு கீழே கலக்கும். அதுவும் இல்லையென்றால் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, பாரமாகி, தண்ணீரைப் போலவே பள்ளம் தேடி வழிந்து தேங்கும். அதனால்தான் மேட்டிலுள்ள தேயிலை தப்பிப் பள்ளத்திலுள்ள தேயிலை கருகுகிறது. பிள்ளையின் வீட்டுப் பாத்தி ஓடைக்கரையில், ஆகப் பள்ளத்தில் இருந்தது. இது விளங்கினால் தெளிந்த வானத்தை மாலையிலேயே பார்த்து, செடியைச் சாக்கால், வைக்கோலால் மூடலாம். இல்லையேல் வெயில் படுமுன் எழுந்து தண்ணீர் தெளிக்கலாம். அடுத்த வருடம் அவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

இவ்வளவையும் நான் கற்றது மலைநாட்டுக்காக. ஆனால் அது உதவியது முகத்துவாரத்திலுள்ள என் ராத்தாவுக்கு. அவரது மகன் சுவிற்சர்லாந்தில், பனிச்சறுக்கு விளையாட வருவோர் தங்கும் ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறான். எண்பதுகளிலிருந்து நம் நாட்டவர் எத்தனையோ பேர் அந்த நாட்டுச் சமையலறைகளில் கைகாய்த்துப் போனவர்கள். விடுமுறைக்கு நான் வீட்டுக்குப் போனால் ராத்தா தொலைபேசியை என் கையில் தந்துவிடுவார்.

"அவனுட ஊருல பனி கூடவாம் தம்பி. தலைய மூடிக்கிட்டு போகச் சொல்லுங்க."

ராத்தாவுக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதான். தலையில் ஒரு தொப்பி இருந்தால் போதும்.

மருமகனுக்கு வேறு குறை. "மாமா, முன்னறிவித்தல்ல ஸ்னோ படம் போட்டிருக்கு. வெளிய பார்த்தா மழை பெய்யுது. இவங்கள நம்பேலா."

படத்துக்குப் பக்கத்தில் மீற்றரில் ஏதும் போட்டிருக்கிறதா என்று கேட்டேன். பூச்சியப் பாகை 2,100 மீற்றர் என்று இருந்தது. அவனது ஹோட்டல் 1,400 மீற்றரில். சறுக்கும் சரிவின் உச்சி 2,900 மீற்றரில். படம் உச்சிக்குரியது. வெண்பனி கோட்டைத் தாண்டியதும் உடனே உருகிவிடாது. வழக்கமாக 200, 300 மீற்றர் கீழே வரை வெண்பனியாகவே வந்து, பிறகுதான் மழையாகும். எனவே ஹோட்டலில் மழை, மேலே வெண்பனி. முன்னறிவித்தல் சரிதான், பார்த்த உயரம்தான் வேறு.

அந்த ஒற்றை எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கடுமையாகப் பொழியும்போது உருகும் பனியே சுற்றுக் காற்றின் சூட்டை உறிஞ்சுவதால், ஒடுங்கிய பள்ளத்தாக்குகளில் வெண்பனி இன்னும் கீழே இறங்கும். அசையாத குளிர்கால நாட்களில் பள்ளத்தாக்கு உறைந்து கிடக்க, மேலே சரிவில் இதமான வெயில் அடிக்கும். நம் ஓடைக்கரைப் பாத்தியின் கதையேதான், பெரிய அளவில். கோடு உயரத்தில் இருக்கிறது என்று நம்பிப் பள்ளத்துப் பாதையில் காலை வைத்தவன் வழுக்கி விழுவான்.

ஆபத்து வருவது கோடு சட்டென்று ஏறும்போது. மூன்று நாள் புதுப்பனி விழுந்த பின் சூடேறி, அதன் மேல் மழையும் பெய்தால், பனியின் பாரம் கூடும், பிடிப்புக் குறையும். பனிச்சரிவு பிறப்பதற்கு அது போதும். அந்த நாட்டில் பனிச்சரிவு அபாயத்தை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்துத் தினமும் அறிவிக்கிறார்கள். ஒரு லீவு நாளில் கூட வேலை செய்யும் பொடியன்கள் அடையாளமிட்ட பாதைக்கு வெளியே போகக் கூப்பிட்டிருக்கிறார்கள். முந்திய இரவில் கோடு 2,800 மீற்றருக்கு ஏறியிருந்தது. அபாயம் நான்கு. "நான் போகல்ல மாமா, அவங்களையும் மறிச்சிட்டன்" என்றான். அன்று அந்தச் சரிவில் பனி இறங்கியதா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அவன் வாசித்துவிட்டு முடிவெடுத்தான் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

சுவிற்சர்லாந்தில் பயேர்ன் என்ற இடத்திலிருந்து பலூனில் கருவி அனுப்பி இந்தக் கோட்டை அளக்கிறார்கள். 1954 முதல் அளவீடு இருக்கிறது. 2023 ஓகஸ்ட் 20ஆம் திகதி இரவு அது 5,298 மீற்றருக்கு ஏறி, முந்திய பதிவுகளையெல்லாம் முறியடித்தது. அல்ப்ஸ் மலைகளில் ஆக உயர்ந்த மொன் பிளாங் சிகரம் 4,800 மீற்றருக்குச் சற்று மேல். அந்த இரவு ஐரோப்பாவின் பூச்சியக் கோடு, முகத்துவாரத்துக்கு மேலே வழக்கமாக நிற்கும் உயரத்துக்கே வந்துவிட்டது. மருமகனின் ஹோட்டல் பிழைப்பது பனியால். கோடு இப்படி ஏறிக்கொண்டே போனால் அவனுடைய அடுப்பு எத்தனை பருவத்துக்கு எரியும் என்பது இப்போது எங்கள் குடும்பத்துக் கேள்வியாகவும் ஆகிவிட்டது.

ராத்தா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். சென்ற தவணை விடுமுறையில், மகனோடு பேசிக்கொண்டிருந்தவர், தொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மகன், இண்டைக்கு கோடு எங்க நிக்கிது?" என்று கேட்டார். அவன் சொன்ன எண்ணைக் கேட்டுக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப உங்கட ரோட்டுல மழைதான், பாத்துப் போங்க" என்றார்.